‘ஹை ரிஸ்க்’ என்றால் கட்டாயம் வருமா? – நிகழ்தகவு வகுப்பில் ஒரு தாய்நலப் பாடம்

பத்தாம் வகுப்புக் கணிதத்தின் எட்டாவது அலகு ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’. நாணயம் சுண்டுவோம், பகடை உருட்டுவோம், பையிலிருந்து பந்து எடுப்போம். மாணவர்கள் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் வாழ்க்கையில் ஒரு நிகழ்தகவு எண் எதிரே வந்து நிற்கும்போது அதை எப்படிப் படிப்பது என்று அவர்களுக்குத் தெரியுமா? சென்ற கல்வியாண்டில் ஒரு மாணவி கேட்ட கேள்வி, இந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டது.

மதிய உணவு இடைவேளையில் தயங்கித் தயங்கி வந்தாள். “டீச்சர், எங்க அக்கா மாசமா இருக்கா. ரெட்டைக் குழந்தையாம். ஆஸ்பத்திரி கார்டுல ‘ஹை ரிஸ்க்’னு சிவப்புல எழுதிட்டாங்க. பி.பி. ஏறி ஜன்னி வரலாம்னு சொன்னாங்களாம். வீட்டுல எல்லாரும் அழுறாங்க. ஹை ரிஸ்க்னா கட்டாயம் வருமா டீச்சர்?”

“வராதும்மா, பயப்படாதே” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அது பொய்யாக இருக்கலாம். “வரும்” என்பதும் பொய். உண்மையான பதில் நிகழ்தகவில்தான் இருக்கிறது. எனக்கு அந்த நோய் புத்தகத்தில் படித்த நோய் அல்ல. அதனால் அவளிடம், “நாளைக்கு வகுப்பில் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். யாருடைய கேள்வி என்று சொல்ல மாட்டேன்” என்றேன். மூன்று பாடவேளைகளில் நடத்திய அந்தப் பாடத்தையும், அதற்குப் பின்னால் இருக்கும் என் கதையையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

என் கதை

2008-இல் நான் முதன்முறை கருவுற்றிருந்தேன். வயது 27. சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் அப்படி வந்ததில்லை. பத்தாவது வாரத்தில் இரத்த அழுத்தம் 106/68. இருபத்து நான்காவது வாரத்தில் 118/76. “நார்மல்” என்றார்கள். எண்ணைப் பொறுத்தவரை அது சரிதான்.

இருபத்தெட்டாவது வாரத்தில் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு நேரம். விடைத்தாள் கட்டு மேசையில் இருந்தது. ‘அடுத்த வாரம் போகலாம்’ என்று தள்ளினேன். அடுத்த வாரமும் தள்ளினேன். கால் வீங்கியது. “நின்னுக்கிட்டே பாடம் எடுத்தா வீங்கத்தான் செய்யும், பார்லித் தண்ணி குடி” என்றார்கள். முகமும் உப்பியது. “பூரிச்சிட்டே” என்றார்கள். மோதிரம் கழற்ற முடியவில்லை. தலைவலி வந்தது. மேல்வயிற்றில் வலப்பக்கம் வலித்தது. வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்தேன். ஜனவரியில் பள்ளி திறந்து இரண்டாம் நாள், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கண்முன் மின்மினி பறந்தது. எழுதிய எண் எனக்கே தெரியவில்லை.

அன்று மருத்துவமனையில் என் இரத்த அழுத்தம் 150/100. சிறுநீரில் ஆல்புமின் மூன்று பிளஸ். வீட்டுக்கு அனுப்பவில்லை. வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் ஊசி, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். எட்டு நாள் தாக்குப்பிடித்தேன். ஒன்பதாம் நாள் 170/110-ஐத் தாண்டியது. அறுவைச் சிகிச்சையில் பிறந்த என் மகளின் எடை 1 கிலோ 600 கிராம். பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். இன்று பத்தாம் வகுப்புப் படிக்கிறாள்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் வலிப்பு வந்த பிறகு கொண்டுவரப்பட்டார். அவர் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை. எனக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு ஒரு நாள் அல்லது இரண்டு நாள்தான் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

முதல் பாடவேளை: நோயும் எண்ணும்

அறிவியல் பாடத்தில் இரத்த அழுத்தம் பற்றி மாணவர்கள் படித்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கினேன். மேல் எண், இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், விரியும்போது உள்ள அழுத்தம்.

கர்ப்ப காலத்தில் 20 வாரத்துக்குப் பிறகு மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90-ஐத் தொட்டால், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில் மீண்டும் அளந்தும் அப்படியே இருந்தால், அது கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம். அதோடு சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, கல்லீரல், சிறுநீரகம், மூளை போன்ற உறுப்புகள் பாதிக்கப்பட்டாலோ அது ‘பிரீ எக்லாம்சியா’. வலிப்பே வந்துவிட்டால் ‘எக்லாம்சியா’, நம் ஊரில் ஜன்னி என்பார்கள். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு மின்னல்போல் பளிச்சிடுவது என்று பொருள். முன்னறிவிப்பில்லாமல் வருவதாகப் பழைய காலத்து மருத்துவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. உண்மையில் முன்னறிவிப்பு இருக்கிறது. அதை அளக்கும் கருவிதான் அன்று இல்லை. 1843-இல் இலண்டனில் ஜான் லீவர் என்ற மருத்துவர், வலிப்பு வந்த தாய்மார்களின் சிறுநீரில் ஆல்புமின் இருப்பதைக் கண்டார். கைப்பட்டை கட்டி இரத்த அழுத்தம் அளக்கும் கருவியை இத்தாலியின் ரிவா-ராச்சி 1896-இல்தான் உருவாக்கினார். ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்டு இரண்டு எண்களையும் அளக்கும் முறையை ரஷ்யாவின் கொரோட்காஃப் 1905-இல் வெளியிட்டார். இன்றும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடப்பது இந்த இரண்டும்தான்: கையில் பட்டை, சிறுநீரில் சோதனை.

நோய் ஏன் வருகிறது? குழந்தைக்கு உணவும் ஆக்சிஜனும் தரும் நஞ்சுக்கொடி, கருப்பையின் சுருள் தமனிகளிலிருந்து இரத்தம் பெறுகிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் இந்தத் தமனிகள் நன்றாக அகன்று, சிறு வாய்க்கால் பெரிய வாய்க்காலாவதுபோல் மாற வேண்டும். சிலருக்கு இந்த அகலிப்பு சரியாக நடப்பதில்லை. இரத்தம் போதாத நஞ்சுக்கொடி சில புரதங்களை அதிகமாகத் தாயின் இரத்தத்தில் விடுகிறது. அவை உடல் முழுதும் உள்ள இரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன. குழாய்கள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகத்தில் புரதம் கசிகிறது.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நோய் ஏழாம் எட்டாம் மாதத்தில் வெளியே தெரிந்தாலும், அதன் விதை பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே விழுந்துவிடுகிறது. அதனால்தான் முன்கூட்டிக் கணிக்க முடியுமா என்ற கேள்விக்கே இடம் உண்டாகிறது.

இப்போது ஒரு கணக்கு. சராசரித் தமனி அழுத்தம் என்பது கீழ் எண்ணுடன், இரண்டு எண்களின் வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் கிடைப்பது. என் பழைய அட்டையில் இருந்த மூன்று அளவுகளையும் மாணவர்களிடம் கொடுத்தேன்.

106/68: 68 + 38/3 = 80.7
118/76: 76 + 42/3 = 90
150/100: 100 + 50/3 = 116.7

வாரத்தை எக்ஸ் அச்சிலும் இதை ஒய் அச்சிலும் குறித்து வரையச் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்தான். “டீச்சர், ரெண்டாவது புள்ளியிலயே ஏற ஆரம்பிச்சிடுச்சே!” சரியாகப் பார்த்தான். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் இரத்த அழுத்தம் பொதுவாகச் சற்று இறங்கும். எனக்கு அது ஏறியிருந்தது. அந்த ஏற்றத்தை மட்டும் வைத்து நோய் என்று மருத்துவர்கள் சொல்வதில்லை. 118/76 இயல்பான அளவே. ஆனால் அடுத்த அளவைத் தவறவிடக்கூடாது என்பதற்கு அது ஒரு குறிப்பு. நான் தவறவிட்டது அந்த அடுத்த அளவைத்தான். என் வரைபடத்தில் இருபத்து நான்காவது வாரத்துக்கும் முப்பத்திரண்டாவது வாரத்துக்கும் இடையே புள்ளியே இல்லை. அந்த வெற்றிடத்தைக் காட்டி, “இங்கே டீச்சர் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தேன்” என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

இரண்டாம் பாடவேளை: முன்கணிப்பு எப்படிச் செய்கிறார்கள்?

மருத்துவ முன்கணிப்பை மூன்று படிகளாகப் பிரித்துக்கொண்டோம்.

முதல் படி, கேள்விப் பட்டியல். பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் பட்டியல் வகுப்பறைக்கு எளிது. முந்தைய கர்ப்பத்தில் இரத்த அழுத்தக் கோளாறு, ஏற்கெனவே உள்ள உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அதிக அபாயம். முதல் கர்ப்பம், வயது 40-உம் அதற்கு மேலும், முந்தைய கர்ப்பத்திலிருந்து 10 ஆண்டுக்கு மேல் இடைவெளி, உடல் நிறை குறியீட்டு எண் 35-உம் அதற்கு மேலும், தாய்க்கோ சகோதரிக்கோ இந்த நோய் வந்திருத்தல், இரட்டைக் கரு ஆகியவற்றில் இரண்டு இருந்தால் அதிக அபாயம்.

இதைக் கணங்களாக எழுதச் சொன்னேன். முதல் கர்ப்பம், இரட்டைக் கரு என இரண்டு இருந்தால் எந்தக் கணம்? அதிக அபாயம். கேள்வி கேட்ட மாணவி குனிந்தபடி எழுதிக்கொண்டிருந்தாள். முதல் கர்ப்பம் மட்டும் இருந்தால்? அதிக அபாயம் இல்லை. “அப்போ டீச்சருக்கு?” என்று ஒரு குரல். ஆம், பட்டியலின்படி எனக்கு அதிக அபாயம் இல்லை. ஆனால் எனக்கு வந்தது. பட்டியல் வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. பட்டியலில் பிடிபடாதவர்களும் உண்டு என்பதே பொருள்.

இரண்டாம் படி, 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யும் கூட்டுச் சோதனை. இலண்டனில் உள்ள ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷனின் ஆய்வாளர்கள், கிப்ரோஸ் நிகோலாய்டிஸ் தலைமையில் வளர்த்த முறை இது. தாயின் விவரங்கள், சராசரித் தமனி அழுத்தம், கருப்பைத் தமனியின் டாப்ளர் ஸ்கேன், நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தின் இரத்த அளவு ஆகிய நான்கையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு நிகழ்தகவு கணக்கிடுகிறார்கள். “நாம நேத்து போட்ட கணக்கா டீச்சர்?” என்று கேட்டார்கள். அதுதான். சராசரித் தமனி அழுத்தம் இங்கே ஒரு முக்கியமான உறுப்பு. 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் செய்ய வேண்டிய அளவு கடுமையான பிரீ எக்லாம்சியாவில் ஏறத்தாழ 75 விழுக்காட்டை இந்த முறை முன்கூட்டியே அடையாளம் காண்கிறது. நோய் வராதவர்களில் 10 விழுக்காட்டினரையும் தவறாக அபாயப் பக்கம் சேர்த்துவிடுகிறது.

மூன்றாம் படி, பிந்தைய மாதங்களில் நோய் சந்தேகம் வந்தால் பார்ப்பது. நஞ்சுக்கொடி விடும் இரண்டு புரதங்களின் விகிதத்தை அளக்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்று 99.3 விழுக்காடு சரியாகச் சொல்ல முடிந்தது. ஆனால் 38-க்கு மேல் இருந்தவர்களில் நான்கு வாரத்துக்குள் நோய் வந்தவர்கள் 36.7 விழுக்காடுதான். அதாவது ‘வராது’ என்று சொல்வதில் இச்சோதனை கெட்டி. ‘வரும்’ என்று சொல்வதில் அவ்வளவு கெட்டி இல்லை. இந்த வேறுபாட்டை மாணவர்கள் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எல்லாச் சோதனையும் நிலைத்துவிடுவதில்லை என்றும் சொன்னேன். 1974-இல் கான்ட் என்பவரும் குழுவினரும் ஓர் எளிய முறையைச் சொன்னார்கள். 28 முதல் 32 வாரத்தில் தாயை இடப்பக்கம் படுக்கவைத்து அழுத்தம் அளந்து, பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து அளக்க வேண்டும். கீழ் எண் 20 கூடினால் அபாயம். செலவே இல்லாத சோதனை. ஆனால் நிறையப் பேருக்குச் செய்து பார்த்தபோது தவறான எச்சரிக்கைகள் மிகுதியாக இருந்ததால் வழக்கத்திலிருந்து மெல்ல விலகியது. ஒரு முறை எளிதாக இருப்பது போதாது, எண்ணிப் பார்த்தும் தேற வேண்டும்.

மூன்றாம் பாடவேளை: கரும்பலகையில் பத்தாயிரம் தாய்மார்கள்

கூட்டுச் சோதனையின் எண்களை எடுத்துக்கொண்டோம். கணக்குக்காக, 37 வாரத்துக்கு முன் கடுமையாக வரும் நோய் 100 பேரில் ஒருவருக்கு வருவதாக வைத்துக்கொண்டோம்.

மொத்தத் தாய்மார்கள்: 10,000
நோய் வரப்போகிறவர்கள்: 100
அவர்களில் சோதனை கண்டுபிடிப்பது: 75
சோதனை தவறவிடுவது: 25
நோய் வராதவர்கள்: 9,900
அவர்களில் தவறாக அபாயம் என்று சொல்லப்படுபவர்கள்: 990
அபாயம் என்று சொல்லப்பட்ட மொத்தப் பேர்: 75 + 990 = 1,065

இனி கேள்வி. அபாயம் என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு நோய் வருவதற்கான நிகழ்தகவு என்ன? பெரும்பாலானோர் “75 விழுக்காடு” என்றார்கள். இந்தத் தவற்றைப் பெரியவர்களும் செய்வோம். சரியான விடை 75/1,065. அதாவது ஏறத்தாழ 7 விழுக்காடு, 14 பேரில் ஒருவர். அபாயம் இல்லை என்று சொல்லப்பட்ட 8,935 பேரில் நோய் வருவது 25 பேருக்கு, ஏறத்தாழ 357 பேரில் ஒருவருக்கு.

பதினோராம் வகுப்பில் பேயிஸ் தேற்றம் நடத்தும் ஆசிரியர்கள் இதையே நிபந்தனை நிகழ்தகவாக எழுதலாம். பத்தாம் வகுப்புக்குச் சூத்திரம் தேவையில்லை, தலைகளை எண்ணினால் போதும்.

பிறகு புளியங்கொட்டைக்கு வந்தோம். ஒரு டப்பாவில் 14 கொட்டைகள், ஒன்றில் சுண்ணாம்புப் புள்ளி. இன்னொரு பெரிய டப்பாவில் 357 கொட்டைகள், அதிலும் ஒன்றில் மட்டும் புள்ளி. ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டிலும் ஒன்று எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட வேண்டும். 38 பேர் எடுத்ததில் சிறிய டப்பாவில் புள்ளி மூன்று பேருக்கு வந்தது. பெரிய டப்பாவில் ஒருவருக்கும் வரவில்லை. “அப்போ பெரிய டப்பாவுல புள்ளியே இல்லையா?” என்று கேட்டேன். “இருக்கு டீச்சர், நம்ம கைக்கு வரல” என்றான் கடைசி இருக்கையில் இருந்தவன். அந்த வரியைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன்.

அப்படியானால் 14-இல் ஒன்றுக்காக இவ்வளவு பேரையும் பயமுறுத்த வேண்டுமா? இந்தக் கேள்வியை ஒரு மாணவியே கேட்டாள். விடை, அடுத்து என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது. 2017-இல் வெளியான ‘ஆஸ்ப்ரே’ ஆய்வில், கூட்டுச் சோதனையில் அபாயம் 100-இல் ஒன்றுக்கு மேல் என்று வந்த பெண்கள் 1,776 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. இடையில் விலகியவர்கள் போக, ஆஸ்பிரின் சாப்பிட்ட 798 பேரில் 13 பேருக்கும், போலி மாத்திரை சாப்பிட்ட 822 பேரில் 35 பேருக்கும் 37 வாரத்துக்கு முந்தைய பிரீ எக்லாம்சியா வந்தது.

13/798 = 1.6 விழுக்காடு
35/822 = 4.3 விழுக்காடு

வேறுபாடு ஏறத்தாழ 2.6 விழுக்காடு. அதன் தலைகீழி ஏறத்தாழ 38. எனவே 38 பேர் சாப்பிட்டால் ஒருவருக்கு நோய் தடுக்கப்படுகிறது. “நம்ம வகுப்பு எண்ணிக்கை!” என்றார்கள். ஆம். விலை குறைந்த ஒரு மாத்திரையால் வகுப்புக்கு ஒருவரைக் காக்க முடியுமென்றால், ‘ஹை ரிஸ்க்’ என்ற சொல் தீர்ப்பு அல்ல, கூடுதல் காவல் என்று புரிந்தது. ஒன்றை அழுத்திச் சொன்னேன். ஆஸ்பிரினை யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடக்கூடாது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

இங்கே என் இரண்டாம் கதையைச் சொன்னேன். 2013-இல் மீண்டும் கருவுற்றேன். முன்பே வந்திருந்ததால் இம்முறை என் அட்டையிலும் ‘ஹை ரிஸ்க்’. பன்னிரண்டாவது வாரத்திலிருந்து மருத்துவர் ஆஸ்பிரின் கொடுத்தார். ஒரு பரிசோதனையையும் விடவில்லை. நோய் வரவில்லை. 38-ஆவது வாரத்தில் மகன் பிறந்தான்.

“மாத்திரையாலதான் வரலையா டீச்சர்?”

எனக்குத் தெரியாது என்றேன். மாத்திரை இல்லாமலும் வராமல் இருந்திருக்கலாம். ஒருவரை மட்டும் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் 1,776 பேர் தேவைப்பட்டார்கள். ‘எங்க பாட்டி சொன்னது எங்க சித்திக்குச் சரியாப் போச்சு’ என்பதற்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இருபது ஆண்டுப் பணியில் இவ்வளவு தெளிவாக இதை நான் வேறெப்போதும் விளக்கியதில்லை.

அந்த அக்காவும் ஆசிரியர் அறையும்

மாணவியின் அக்காவுக்கு நோய் வரவில்லை. 36-ஆவது வாரத்தில் இரண்டு பெண் குழந்தைகள். லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவன், “அப்போ டாக்டர் கணிச்சது தப்புதானே டீச்சர்?” என்றான். நான் பேசுமுன் அவளே சொன்னாள்: “தப்பு இல்லடா. கொட்டையில புள்ளி வரல, அவ்வளவுதான்.” எந்தத் தேர்வும் இதைவிட நன்றாக என் பாடத்தை மதிப்பிட்டுவிட முடியாது.

அதே பருவத்தில் எங்கள் ஆசிரியர் அறையில் இன்னொன்று நடந்தது. உடன் பணியாற்றும் இளம் ஆசிரியை ஒருவருக்கு எட்டாம் மாதம். முதல் கர்ப்பம் என்பது தவிரப் பட்டியலில் எதுவும் இல்லை. செய்முறைத் தேர்வு வேலையில் இருந்தார். மேசையில் தலைவைத்துப் படுத்திருந்தார். “நேத்து தூங்கல அக்கா, அதான் தலைவலி” என்றார். கண் மங்குகிறதா? “கொஞ்சம்.” மேல்வயிறு வலிக்கிறதா? “இல்ல.” மோதிரம் கழல்கிறதா? விரலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கடைசியாக எப்போது பரிசோதனைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். பதில் எனக்கு முன்பே தெரிந்ததுதான்: “செய்முறைத் தேர்வு முடிஞ்சதும் போகணும்.”

தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அன்றே அழைத்துப் போனேன். 148/96. புரதம் இரண்டு பிளஸ். அன்றே சேர்த்துக்கொண்டார்கள். 37 வாரம் வரை கண்காணிப்பில் வைத்துப் பிரசவம் பார்த்தார்கள். தாயும் சேயும் நலம்.

சிவப்பில் எழுதப்பட்டவருக்கு வரவில்லை. எழுதப்படாதவருக்கு வந்தது. முன்கணிப்பின் இரண்டு பக்கமும் ஒரே பருவத்தில் என் கண்முன் நின்றன. ஆகவே பட்டியலில் இருப்பவர் அஞ்ச வேண்டாம், மருத்துவர் சொல்வதைச் செய்தால் போதும். பட்டியலில் இல்லாதவர் அலட்சியம் செய்ய வேண்டாம், ஒவ்வொரு முறையும் அளந்துகொள்ள வேண்டும்.

ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

1. பாதம் மட்டும் வீங்குவது கர்ப்பத்தில் பலருக்கும் வரும். முகம், கை திடீரென உப்புவது, விடாத தலைவலி, கண் மங்குதல் அல்லது ஒளிப்புள்ளிகள், விலா எலும்புக்குக் கீழே வலி, வாந்தி, மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிப்பு வந்தால் 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது.

2. உயர் சோதனைகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆனால் இரத்த அழுத்தமும் சிறுநீர்ச் சோதனையும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உண்டு. பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் விவரம் சொல்வார்.

3. அளக்கும் முறையும் முக்கியம். ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்த பிறகு, முதுகு சாய்ந்து, கை இதய உயரத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும். மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது ஓர் ஆசிரியருக்குப் படி ஏறும் முன்னும் ஏறிய உடனும் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஓர் எண் ஏன் போதாது என்று மாணவர்களுக்குத் தானாகவே விளங்கும்.

4. இப்பாடத்துக்காக எந்த மாணவரிடமும் வீட்டுச் செய்தி கேட்காதீர்கள், அட்டை கொண்டுவரச் சொல்லாதீர்கள். என் அட்டையைப்போல ஆசிரியர் தாமே தரும் எண்களோ, கற்பனை எண்களோ போதும்.

5. ‘பெண் பிள்ளைகளுக்கு மட்டும்’ என்று பையன்களை வெளியே அனுப்பாதீர்கள். நாளை நள்ளிரவில் 108-ஐ அழைக்கப் போவது அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

6. பிரசவம் முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. அதன்பின் ஆறு வாரம் வரை கவனம் தேவை. இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நான் ஆண்டுதோறும் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறேன்.

2003 முதல் 2009 வரையிலான தரவுகளை ஆராய்ந்த உலக சுகாதார அமைப்பு, உலகில் நிகழும் தாய் இறப்புகளில் ஏறத்தாழ 14 விழுக்காடு கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தால் நிகழ்கின்றன என்று கூறியது. இவற்றில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. நம் ஆசிரியர் அறைகளில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கருவுற்றிருக்கிறார்கள். விடைத்தாள் கட்டு ஒருநாள் காத்திருக்கும். அவர் தயங்கினால், அந்தப் பாடவேளையை நாம் எடுத்துக்கொண்டு அவரைப் பரிசோதனைக்கு அனுப்பிவைப்போம்.